ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் படம்பிடிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய தொலைநோக்கி ஒன்று கைக்கு வரட்டும், அப்புறம் கேலக்ஸிகளைப் படம்பிடிக்கலாம் என்று கேமராவைப் பூட்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆண்ட்ரோமெடா விஷயத்தில் அந்தக் காத்திருப்பு வீண். வானத்தில் அதன் நீளம் சுமார் 3 பாகை. ஆறு முழு நிலவுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் வரும் நீளம். பெரும்பாலான பெரிய தொலைநோக்கிகளின் பார்வைக்குள் அது முழுதாக அடங்கவே அடங்காது. வீட்டு விசேஷங்களைப் படமெடுக்க வாங்கிய கேமராவும் 135 அல்லது 200 மி.மீ. லென்ஸும்தான் இதற்குப் பொருத்தமான கருவிகள்.

அப்படியானால் சிரமம் எங்கே இருக்கிறது? ஒளி போதாமையில். வானத்தின் மங்கலான பொருட்களைத் தொகுத்த மெசியர் பட்டியலில் 31ஆம் எண் பெற்ற (சுருக்கமாக எம்31) இந்தக் கேலக்ஸியின் மொத்தப் பிரகாச அளவு 3.4. எண்ணை மட்டும் பார்த்தால் சுமாரான ஒரு நட்சத்திரத்துக்கு ஈடு. ஆனால் நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் குவிகிறது. இங்கே அதே ஒளி 3 பாகை நீளத்துக்கும் 1 பாகை அகலத்துக்கும் பரந்து கிடக்கிறது. நடுப்பகுதி மட்டும் வெறுங்கண்ணுக்குப் புகைத்திட்டாகத் தெரியும். வெளிப்புறச் சுருள் கரங்களோ, மின்விளக்கே இல்லாத காட்டு வானத்தின் இயல்பான ஒளிர்வைவிடவும் மங்கலானவை. ஆகவே நாம் செய்யப்போவது, வானத்தின் ஒளியோடு கலந்து வரும் அந்த மெல்லிய ஒளியை நீண்ட நேரம் சேர்ப்பது. பிறகு வானத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்ப்பது.

இந்தக் கழித்தலில்தான் பலருடைய படம் கெடுகிறது. எது வானம், எது கேலக்ஸி என்று தெரியாமல் கழித்தால் கேலக்ஸியில் பாதி சேர்ந்து போய்விடும். அதனால் கேமராவைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கேலக்ஸியைப் பற்றியும் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

எப்போது, எங்கே

ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் அக்டோபர், நவம்பர் மாதங்களைப் பரிந்துரைக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கு, கிழக்கிலும் அந்த மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்குச் சொந்தம். நமக்கு வாய்ப்பது இரண்டு இடைவெளிகள். ஒன்று, பருவமழைக்கு முன்: செப்டம்பர் தொடக்கத்தில் அதிகாலை இரண்டு மணி அளவில் ஆண்ட்ரோமெடா உச்சத்துக்கு வரும், மேகம் விட்டுவிட்டு வரும் காலம், அதிர்ஷ்டம் வேண்டும். மற்றொன்று, மழை ஓய்ந்த பின்: டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரையான முன்னிரவு. என் ஓட்டு இரண்டாவதற்கே. மழை கழுவிவிட்ட காற்று, தூங்கும் நேரத்தையும் கெடுக்காது.

ஜனவரி முதல் வாரத்தில், மதுரை, திருச்சி போன்ற இடங்களில் இரவு ஏழு மணிக்கு அது வடக்கே 55 பாகைக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும். ஒன்பது மணிக்கு வடமேற்கில் 40 பாகை. பத்து மணிக்கு 30. அதற்குக் கீழே இறங்கினால் காற்றுமண்டலத்தின் தூசியும் ஊர் வெளிச்சமும் தின்றுவிடும். ஆக, மூன்று மணி நேரம் கிடைக்கிறது. ஜனவரி இறுதியில் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னும் பின்னும் உள்ள இரவுகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி நெருங்கும் நாட்களில் போவது பெட்ரோல் செலவுதான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "ஊரைவிட்டு எத்தனை கிலோமீட்டர்" என்பதோடு "ஊர் எந்தத் திசையில்" என்பதையும் கேளுங்கள். நாம் பார்க்கப்போவது வடக்கையும் வடமேற்கையும். நகரம் உங்களுக்குத் தெற்கிலோ கிழக்கிலோ இருந்தால், அதன் வெளிச்சக் குடை முதுகுக்குப் பின்னால் போய்விடும். சென்னைக்காரர்கள் மேற்கே போவது இரட்டை லாபம். நகரம் கிழக்கில் நின்றுவிடுகிறது. ஜவ்வாது மலையின் இருட்டை நம்பித்தான் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகத்தை அமைத்தார்கள். அந்த மலைத்தொடரின் அடிவார ஊர்களே நல்ல தொடக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் நிற்பவர்களுக்கு வடக்கே வெறும் கடல். உப்புக்காற்றில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் தொல்லை.

காட்டுப் பகுதியென்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வயல்வெளியென்றால் நிலத்துக்காரரிடம் பகலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இருட்டில் முக்காலியோடு நிற்கும் அந்நியரைப் பார்த்தால் நாய்கள் மட்டும் சந்தேகப்படுவதில்லை.

வானத்தில் கண்டுபிடித்தல்

பூரட்டாதி, உத்திரட்டாதி இரண்டையும் ஜாதகத்தில் மட்டும் பார்த்தவர்கள் வானத்திலும் பார்க்க இது நல்ல தருணம். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களும் உத்திரட்டாதியின் இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய சதுரமாக நிற்கும். மேலை வானியலில் அது பெகாசசின் சதுரம். அதன் வடகிழக்கு மூலையில் இருக்கும் நட்சத்திரம் ஆல்ஃபெரட்ஸ். அங்கிருந்து வடகிழக்கே ஒரு மங்கலான நட்சத்திரத்தைக் கடந்தால், சற்றே செந்நிறம் கலந்த மிராக் வரும். மிராக்கில் வடமேற்காகத் திரும்பி, ஒன்றைவிட ஒன்று மங்கலான இரண்டு நட்சத்திரங்களைத் தாண்டுங்கள். இரண்டாவதற்குப் பக்கத்திலேயே அந்தப் புகைத்திட்டு இருக்கும்.

வடக்கு நோக்கி நிற்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. காசியோபியா நட்சத்திரக் கூட்டம் நம் ஊர்களில் துருவ நட்சத்திரத்துக்கு மேலே இரண்டு கூர்முனைகளோடு நிற்கும். அவற்றில் இடப்பக்க முனைதான் கூர்மையானது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அந்த முனையிலிருந்து துருவத்துக்கு எதிர்த்திசையில் ஒன்றரை முஷ்டி நகர்ந்தால் ஆண்ட்ரோமெடா. சாதாரண பைனாகுலர் இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. ஸ்டெல்லேரியம் செயலியில் உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்து முந்தின நாளே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

கருவிகள்

லென்ஸை மாற்றக்கூடிய கேமரா ஏதாவது ஒன்று, 85 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ், ஆடாத முக்காலி, இடைவெளிவிட்டுத் தானாகப் படமெடுக்கும் ரிமோட். இவ்வளவு போதும். லென்ஸ் தேர்வில் எனக்கு 135 மி.மீ. பிடிக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரில் (சாதாரணக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் அளவு) அதன் பார்வைப் பரப்பு சுமார் 10 பாகைக்கு 6½ பாகை. கேலக்ஸி நடுவே நிற்க, சுற்றிலும் வெற்று வானம் தாராளமாகக் கிடைக்கும். அந்த வெற்று வானம் வீணல்ல. பிறகு கழித்தல் கணக்குப் போடும்போது, "வானம் என்றால் இதுதான்" என்று மென்பொருளுக்குக் காட்ட அதுவே ஆதாரம். 300 மி.மீ. லென்ஸில் கேலக்ஸி ஓரம்வரை பரவிவிடுவதால் காட்டுவதற்கு வானமே மிஞ்சாது. புதியவர்கள் "இன்னும் பெரிதாக" என்று ஜூமைத் திருகுவதை நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும்.

சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிகள் இப்போது பரவலாகிவிட்டன. வசதியானவை, ஆனால் எஸ்50-இன் பார்வைப் பரப்பு ஒன்றேகால் பாகை அளவுதான். ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி மட்டுமே விழும். முழுதாக வேண்டுமென்றால் மொசைக் முறையில் பல துண்டுகளாக எடுத்துச் சேர்க்க வேண்டும்.

ஊர் வெளிச்சத்தை வடிகட்டுவதாகச் சொல்லி விற்கும் ஃபில்டர்களை இப்போதைக்கு வாங்காதீர்கள். கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் அதில் உண்டு. வெள்ளை எல்இடி தெருவிளக்கிலும் எல்லா நிறமும் உண்டு. இரண்டையும் பிரிக்கும் கண்ணாடி கிடையாது.

டிராக்கர் இல்லாமல்

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. கேமராவை அவற்றோடு சேர்த்துத் திருப்பும் கருவியே டிராக்கர்; முதலில் அது இல்லாமல் பார்ப்போம். எவ்வளவு நகரும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு யாருடைய சூத்திரமும் தேவைப்படாது. வான நடுக்கோட்டில் நகர்வு நொடிக்கு 15 கலைநொடி (ஒரு பாகைக்கு 3,600 கலைநொடி). ஆண்ட்ரோமெடா அதிலிருந்து 41 பாகை வடக்கே இருப்பதால் அது முக்கால் பங்காகக் குறைந்து 11 கலைநொடி ஆகும். 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒரு பிக்சல் சுமார் 6 கலைநொடியைக் காணும். ஆக நொடிக்கு ஏறக்குறைய இரண்டு பிக்சல் நகர்வு. ஒரு நொடி எக்ஸ்போஷரில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கும். இரண்டு நொடியில் லேசாக நீளும். ஐந்து நொடியில் கோடாகிவிடும்.

எனவே ஒரு நொடி, லென்ஸைத் திறக்க முடிந்த அளவு திறந்து (எஃப்/2 அல்லது எஃப்/2.8), ஐஎஸ்ஓ 3200. இப்படி ஆயிரம் படம் எடுத்தால் 17 நிமிட ஒளி சேரும். நடுவே கேலக்ஸி பிரேமைவிட்டு நகர்ந்துகொண்டே போகும், பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 பாகை. அவ்வப்போது பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். கேமராவில் மின்னணு ஷட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆயிரம் முறை அடித்து ஷட்டர் தேயாது. இந்த முறையில் கேலக்ஸியின் நடுப்பகுதி, ஒரு தூசிப்பட்டை, இரண்டு துணைக் கேலக்ஸிகள் ஆகியவை கிடைக்கும். முதல் படத்துக்கு அது தாராளம்.

டிராக்கர் இருந்தால்

வானத்தோடு சேர்ந்து மெல்லச் சுழலும் சிறு மோட்டார் பீடமே டிராக்கர். ஸ்டார் அட்வென்ச்சரர், ஸ்கைகைடர் போன்றவை புழக்கத்தில் உள்ளன. இதன் அச்சு துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகை அளவேதான்: சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் வெறும் 8. ஒரு தென்னந்தோப்போ மாடிவீடோ போதும், மறைந்துவிடும். வடக்குத் தொடுவானம் திறந்த இடம் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். மாலைப் புழுதி அடங்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். டிராக்கரில் உள்ள சிறு துருவத் தொலைநோக்கி வழியே பொறுமையாகத் தேடுங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளில் வராத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. அட்சரேகை குறைந்த ஊர்களில் டிராக்கரின் அச்சு கிட்டத்தட்டப் படுத்தேவிடும். எதிர்எடைத் தண்டு சுழலும்போது முக்காலியின் காலில் இடிக்கும். ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வடக்கே வரும்படி நிறுத்துங்கள். வாங்குவதற்கு முன், அடிப்பீடம் 8 பாகைவரை தாழுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

அச்சு சரியானால் 135 மி.மீ. லென்ஸில் 60 நொடிகூடத் தாங்கும். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. கேமராத் திரையில் ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) மலை, இடப்பக்க விளிம்பை விட்டுக் கால்வாசி தூரம் தள்ளி நின்றால் போதும். நடுவுக்கு வந்துவிட்டால் வானம் அதிகம், நேரத்தைக் குறையுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் சேர்ப்பதை இலக்காக வையுங்கள். ஒளி நான்கு மடங்கு சேர்ந்தால் படத்தின் தெளிவு இரண்டு மடங்கு கூடும். அரைமணியிலிருந்து இரண்டு மணிக்குப் போவது கண்ணுக்கு உடனே தெரியும். அதற்குமேல் ஒரு படி ஏற வேண்டுமென்றால் எட்டு மணி நேரம், அதாவது பல இரவுகள். கடைசியாக 10, 15 நொடியில் ஒரு இருபது படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேலக்ஸியின் நடு உருண்டை நீண்ட எக்ஸ்போஷரில் வெளுத்துப்போகும். அந்த இடத்தை நிரப்ப இவை உதவும்.

படமெடுக்கும் வரிசை

முதலில் கேமராவை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும்) வடிவத்துக்கு மாற்றுங்கள். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு என்று ஒரு வசதி இருக்கும். அதையும் அணையுங்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் தின்னும்.

அடுத்தது ஃபோகஸ். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கிறதே என்று அதில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அது பெரும்பாலும் சற்றுத் தள்ளியே இருக்கும். மிராக் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தை நேரலைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை மெதுவாகத் திருகுங்கள். புள்ளி சிறுக்கும்போது, முன்பு தெரியாத மங்கலான நட்சத்திரங்கள் பக்கத்தில் திடீரென எட்டிப்பார்க்கும். அந்த இடத்தில் நிறுத்தி, ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் மாறும், ஒரு மணிக்கொரு முறை சரிபார்ப்பது நல்லது.

பிறகு பனி. மார்கழி, தை இரவுகளில் ஒன்பது மணிக்கெல்லாம் லென்ஸ் முகப்பில் ஈரம் படியும். படங்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே போவதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிப்போம். பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றுப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டுவதே நிரந்தரத் தீர்வு. துணியால் துடைத்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி படியும்.

கேலக்ஸிப் படங்கள் முடிந்தபின் உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் இருபது முப்பது கறுப்புப் படங்கள் எடுங்கள். சென்சாரின் வெப்ப இரைச்சல் அதில் பதிவாகும். ஆறேழு டிகிரி வெப்பம் கூடினால் அந்த இரைச்சல் இரட்டிப்பாகும் என்பதால், குளிர்நாட்டுக்காரர்கள் தவிர்த்துவிடுகிற இந்த வேலையை நாம் தவிர்க்க முடியாது. பின்னர், ஃபோகஸையும் துளை அளவையும் தொடாமல், லென்ஸ் வாயில் வெள்ளை வேட்டித் துணியை மடித்து இழுத்துப் பிடித்து, மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு எதிரே இருபது சமவெளிச்சப் படங்கள். லென்ஸ் ஓரங்களின் இருட்டையும் சென்சார் தூசியையும் இவை நீக்கும். கடைசியாக, மூடி போட்டபடி கேமராவின் மிகக் குறைந்த நேரத்தில் இன்னொரு முப்பது. சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாத படத்தை எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

சேர்த்தலும் கழித்தலும்

இலவச மென்பொருளான சிரில் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லைட்ஸ் (lights: கேலக்ஸிப் படங்கள்), டார்க்ஸ் (darks: கறுப்புப் படங்கள்), ஃபிளாட்ஸ் (flats: சமவெளிச்சப் படங்கள்), பயாசஸ் (biases: மிகக் குறைந்த நேரப் படங்கள்) என்று நான்கு ஃபோல்டர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் உருவாக்கி, படங்களைப் பிரித்துப் போட்டு, அதனுடன் வரும் வண்ணக் கேமராவுக்கான ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். அது எல்லாவற்றையும் நேர்செய்து ஒரே படமாக அடுக்கித் தரும். திறந்து பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும், பதற வேண்டாம். ஒளி உள்ளே இருக்கிறது; மங்கலானதைத் தெரியும்படி பிரகாசமாக்குவதை 'நீட்டுதல்' என்பார்கள், அது இன்னும் நடக்கவில்லை.

முதலில் பின்னணியைக் கழிக்க வேண்டும். மென்பொருள் படம் முழுக்க மாதிரிப் புள்ளிகளை வைக்கும். அவற்றில் கேலக்ஸியின் மேலும் அதன் விளிம்பிலும் விழுந்தவற்றை நீக்குங்கள். திரையில் தெரியும் விளிம்பு உண்மையான விளிம்பல்ல. அதற்கு அப்பாலும் ஒளி பரவியிருக்கிறது. தெரிகிற எல்லையிலிருந்து ஒரு பாகையாவது தள்ளியிருக்கும் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்து, எளிய நேர்க்கோட்டுச் சரிவை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள். சிக்கலான வளைவுகளைத் தேர்ந்தெடுத்தால் கேலக்ஸியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தோன்றும். இணையத்தில் இந்த வளையத்தோடு உலவும் படங்கள் நிறைய. படமெடுத்தவர் வெளிக்கரங்களைத் தானே துடைத்துவிட்டார் என்பதற்கு அது அடையாளம்.

நிறத்துக்கு, நட்சத்திரங்களின் அளந்த நிறங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் வசதி சிரிலில் உண்டு. அதையே நம்புங்கள். பிறகு நீட்டும் வேலை: ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக. நடு உருண்டை வெளுக்கத் தொடங்கினால் நிறுத்தி, குறுகிய எக்ஸ்போஷர் படத்திலிருந்து அதை எடுத்து ஒட்டுங்கள், கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள் போதும்.

படத்தில் என்ன இருக்கிறது

இப்போது உங்கள் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிதறிக் கிடக்கும் நட்சத்திரப் புள்ளிகள் அநேகமாக எல்லாமே நம் பால்வீதியைச் சேர்ந்தவை, சில நூறு, சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் குறுக்கே நிற்பவை. கேலக்ஸியோ 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால்.

நடுப்பகுதி மஞ்சளாக இருக்கும். அங்கே இருப்பவை முதிய நட்சத்திரங்கள். நீல ஒளி வீசும் பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட, குளிர்ந்த சிவப்பு, மஞ்சள் நட்சத்திரங்களே மிஞ்சியிருக்கின்றன. வெளிக்கரங்களில் வாயு இன்னும் இருப்பதால் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அதனால் அங்கே மெல்லிய நீலம். மெல்லிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீலச்சாயம் முக்கியெடுத்ததுபோல் உலவும் ஆண்ட்ரோமெடாக்கள் செறிவூட்டிய கையின் வேலை. தென்மேற்குக் கரத்தில் ஒரு இடம் மட்டும் மேகம்போல் தனித்து ஒளிரும். அது என்ஜிசி 206, இளம் நட்சத்திரங்களின் பெருங்கூட்டம். உங்கள் படத்தில் அது தெரிந்தால் ஃபோகஸ் பிசகவில்லை என்று நம்பலாம்.

அருகே இரண்டு துணைக் கேலக்ஸிகள் தெரியும். மையத்துக்குத் தெற்கே சின்ன உருண்டையாக, பெரிதாக ஊதிய நட்சத்திரம்போல் இருப்பது எம்32. வடமேற்கில் நீள்வட்டமாக, மங்கலாக இருப்பது எம்110. இந்த எம்110 இருக்கும் பக்கத்தில் கறுப்புத் தூசிப்பட்டைகள் எதிர்ப்பக்கத்தைவிடத் தெளிவாக இருப்பதைக் கவனியுங்கள். அது தற்செயலல்ல. தட்டு வடிவக் கேலக்ஸி நமக்குச் சாய்ந்து கிடக்கிறது. நேர்முகத்திலிருந்து 77 பாகை சாய்வு. நமக்கு அருகிலுள்ள பக்கத்துத் தூசி, நடு உருண்டையின் ஒளியை மறைத்து முன்னால் நிற்கிறது. தூரப் பக்கத்துத் தூசிக்குப் பின்னால் அவ்வளவு ஒளி இல்லை. ஆகவே எம்110 பக்கமே நமக்கு அருகில். கேலக்ஸியின் குறுக்களவு ஒன்றரை லட்சம் ஒளியாண்டு அளவில் இருப்பதால், தூர விளிம்பின் ஒளி அருகு விளிம்பின் ஒளியைவிட ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல் முன்பாகப் புறப்பட்டிருக்கிறது. ஒரே படத்தில் இரண்டும் சேர்ந்து வந்து விழுகின்றன.

இது ஒரு கேலக்ஸி என்பதே நூறு ஆண்டுக்குச் சற்று முன்புவரை முடிவாகவில்லை. பாரசீக வானியலர் அல்-சூஃபி 964-இல் எழுதிய நூலில் சிறு மேகம் என்று குறித்தார். ஐசக் ராபர்ட்ஸ் 1888-இல் எடுத்த புகைப்படத்தில் சுருள் அமைப்பு வெளிப்பட்டது. அதைப் பார்த்த பலரும் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு சூரிய மண்டலம் என்றே நினைத்தார்கள். 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள் எடுத்த கண்ணாடித் தட்டு அந்தப் பேச்சை முடித்தது. நோவா (திடீரெனப் பிரகாசித்து மங்கும் நட்சத்திரம்) என்று நினைத்து ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் ஆங்கில 'என்' எழுத்தைப் போட்டார். பழைய தட்டுகளோடு ஒப்பிட்டபோது அது மறைந்துவிடாமல் மங்கி மங்கிப் பிரகாசிப்பது தெரிந்தது. 'என்'னை அடித்துவிட்டு, மாறுவிண்மீன் என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். 31 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் செஃபைடு அது. துடிப்புக் காலத்துக்கும் உண்மைப் பிரகாசத்துக்கும் உள்ள உறவை ஹென்ரியெட்டா லெவிட் 1912-இலேயே நிறுவியிருந்தார். அந்த உறவைக் கொண்டு ஹபிள் கணக்கிட்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. பால்வீதிக்கு வெளியே என்று நிறுவ அது போதும். ஆனால் உண்மைத் தூரத்தில் பாதியைவிடக் குறைவு. செஃபைடுகளில் இரண்டு வகை உண்டு என்பதை வால்டர் பாடே கண்டறிந்து 1952-இல் அந்தத் தூரத்தை இரட்டிப்பாக்கினார்.

படத்தில் தெரியாததும் உண்டு. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சி வேகத்தை மையத்திலிருந்து வெளிநோக்கி அளந்து வெளியிட்டார்கள். ஒளி குறையக் குறைய வேகமும் குறையும் என்று எதிர்பார்க்கலாம். வெளிக்கரங்களில் அது குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளைவிட நிறைய அங்கே இருந்தாக வேண்டும். கரும்பொருள் பற்றிய விவாதம் சூடுபிடிக்க அந்த அளவீடும் ஒரு காரணம். மோதப்போகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதில் பாதி உண்மை: ஆண்ட்ரோமெடா நம் பால்வீதியை நோக்கி நொடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆனால் 2025-இல் வெளியான ஒரு கணக்கீடு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதலுக்கு ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் என்கிறது.

இவ்வளவு ஆராயப்பட்ட இடத்தில் புதியவருக்கு என்ன மிச்சம் என்று தோன்றலாம். 2023-இல் டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், சேன்ட்டி என்ற ஆர்வலர்கள், சிறு தொலைநோக்கியும் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரும் கொண்டு நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்த்து, ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்தில் யாரும் அதுவரை கவனித்திராத வில் வடிவிலான ஒரு நீல வாயுத் திட்டைக் கண்டுபிடித்ததை அறிவித்தார்கள்.

அடுத்து என்ன

அதே இரவில் எம்33 என்ற கேலக்ஸியை முயலலாம். மிராக்கிலிருந்து ஆண்ட்ரோமெடா எவ்வளவு தூரமோ, எதிர்த்திசையில் ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கிறது. இது நமக்கு ஓரளவு முகம் காட்டி நிற்பதால் சுருள்கள் நன்றாகத் தெரியும். ஒளி இன்னும் பரவிக் கிடப்பதால் வானம் இன்னும் இருட்டாக இருக்க வேண்டும்.

மார்ச்சிலிருந்து மே வரை, வானம் திறந்திருக்கும் நம் கோடை இரவுகளுக்கு எம்83 என்ற கேலக்ஸி இருக்கிறது. சுமார் 1.5 கோடி ஒளியாண்டுத் தொலைவு. நீளம் 13 கலைநிமிடம் (ஒரு பாகைக்கு 60 கலைநிமிடம்) மட்டும். 135 மி.மீ. லென்ஸில் அது ஒரு துளிதான், 500 மி.மீ.க்குக் குறையாத சிறு தொலைநோக்கி வேண்டும். லண்டனில் அது தொடுவானத்திலிருந்து 9 பாகைகூட எழும்பாது. திருச்சியில் 49 பாகை.